இரைப்பு

மீமிசல் ஊரை ஒட்டிய பாக் விரிகுடா பெரும்பாலும் அடங்கிய கடல். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போதுதான் அது இரையும். ஆஸ்துமா நோயாளியின் நெஞ்சு இரைப்பதும் அதே சொல்லடியில் பிறந்ததுதான். 'இரை' என்றால் ஒலித்தல். இரைச்சலும் இரைப்பும் உடன்பிறப்புகள். 'ஆஸ்துமா' என்ற கிரேக்கச் சொல்லும் மேல்மூச்சு வாங்குவதையே குறிக்கிறது. ஓடி வந்தவருக்கு இரைப்பது இயல்பு. உட்கார்ந்த இடத்தில் இரைத்தால் கவனிக்க வேண்டும்.

ஊர்வழக்கில் இரைப்புக்கு 'இழுப்பு' என்றும் பெயர். வலிப்பையும் இழுப்பு என்பதுண்டு; அதனால் மருத்துவரிடம் 'மூச்சு இழுப்பு' என்று தெளிவாகச் சொல்வது நல்லது. பெயர் இழுப்பு என்றாலும், அதிகத் தொல்லை மூச்சை வெளியே விடுவதில்தான். வீங்கிச் சுருங்கிய மூச்சுக்குழல் வழியே காற்று வெளியேறும்போது 'வீஸ்' என்று விசிலடிக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த ஒலியே இராது; விடியற்காலை வறட்டு இருமல் மட்டும் வரும். நெஞ்சு இறுக்கம், புகையிலும் தூசியிலும் குளிரிலும் கூடும் திணறல் ஆகியவையும் அடையாளங்கள்.

'இரைப்பு' என்ற சொல் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றிவிடும். கடுமையாகத் திணறுபவரின் இரைப்பு திடீரென ஓய்ந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகாமலிருக்கலாம். பேச்சு ஒவ்வொரு சொல்லாக முறிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விலா எலும்புகளின் இடைப்பகுதி உள்வாங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.