ரிவிப் பெட்டி வாங்கும் முன்: மட்டையில் எழுதாத விடயங்கள்

கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வந்த சித்தப்பா, அம்மாவுக்கென்று ஒரு ரிவிப் பெட்டி கொண்டுவந்தார். மட்டையில் '8கே' என்று பெரிதாகப் போட்டிருந்தது. வீட்டில் இருந்தது நல்ல 4கே தொலைக்காட்சி. ஆனால் நெட்பிளிக்ஸைப் போட்டால் முகங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. கேபிள் பிழை என்று நினைத்து இரண்டு தரம் கேபிள் மாற்றினோம். பிழை பெட்டியில் இருந்தது.

அன்ரோயிட் என்று விற்கப்படும் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கூகிள் அங்கீகரித்த அன்ரோயிட் ரிவி அல்லது கூகிள் ரிவி. மற்றது, யாரும் எடுத்துப் போடக்கூடிய திறந்த அன்ரோயிட்டை ஏற்றிய மலிவுப் பெட்டி. திருட்டுப் பிரதியைத் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டு எல்1 தரத்தில் இல்லாவிட்டால், நெட்பிளிக்ஸ் பழைய டிவிடி அளவுப் படத்தையே அனுப்பும். பெட்டி 8கே என்றாலும் பயனில்லை. றிமோட்டில் நெட்பிளிக்ஸ் பொத்தான் இருப்பதும் சான்று அல்ல.

மங்கல் படத்தோடு போனால் பரவாயில்லை. 2025 யூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ, 'பாட்பொக்ஸ் 2.0' என்ற தீநிரல் பற்றி எச்சரித்தது. மலிவு ரிவிப் பெட்டிகள் உட்படப் பல இலட்சம் கருவிகளில் அது புகுந்திருந்தது. சிலவற்றில் வாங்கும் முன்னரே ஏற்றப்பட்டிருந்தது. அது உங்கள் வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. அவர்கள் செய்வது உங்கள் முகவரியில் இருந்து செய்ததாகவே தெரியும். எங்கள் ஊர்களில் யாராவது வீட்டுக்கு வந்து 'உங்கட இணைப்பில இருந்துதான் போயிருக்கு' என்று விசாரித்தால் என்ன பாடு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எல்லா சனலும் இலவசம் என்று விற்கும் பெட்டியையும், பிளே புரொடெக்ட் பாதுகாப்பை நிறுத்தச் சொல்லும் பெட்டியையும் தொடாதீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? குறைந்த செலவில் ஷாவ்மி ரிவி பொக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறை போதும். டொல்பி விஷனும் உண்டு, ஆனால் லான் கேபிள் துளை இல்லை. 2024இல் வந்த கூகிள் ரிவி ஸ்ட்ரீமரில் அந்தத் துளை இருக்கிறது. அப்பிள் ரிவி 4கே விலை கூடியது, படத்தின் பிரேம் வேகத்துக்குத் திரையைப் பொருத்தும் வசதி அதில் உண்டு. சினிமா வினாடிக்கு 24 பிரேம். அதை 60 ஆக ஓடவிட்டால் கமரா நகரும் காட்சிகள் திக்கித் திக்கி ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் புளூரே தரப் படங்கள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்விடியா ஷீல்ட் புரோ. சாம்சுங் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் டொல்பி விஷனுக்காக மேலதிகமாகச் செலவழிக்க வேண்டாம், அந்த ரிவிகளில் அது இல்லை.

இணையமும் முக்கியம். 4கே படத்துக்கு வினாடிக்கு 15 மெகாபிற் வேண்டும் என்கிறது நெட்பிளிக்ஸ். மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை டேட்டா போகும். சிம் ரவுட்டர் வைத்திருக்கும் வீட்டில் எச்டியில் பார்ப்பதே புத்தி.

ஒலியைப் பற்றிக் கடைக்காரர் பெரும்பாலும் 'அட்மோஸ் இருக்கு' என்பதோடு முடித்துவிடுவார். சவுண்ட்பாரை ஒப்டிகல் கேபிளில் கொடுத்தால் அட்மோஸ் வராது. ரிவியின் ஏ.ஆர்.சி அல்லது இ.ஏ.ஆர்.சி என்று குறித்த எச்.டி.எம்.ஐ துளையில்தான் கொடுக்க வேண்டும்.

ஷெல்லடியில் காது பாதிக்கப்பட்டவர்களும் திடீர்ச் சத்தத்துக்கு இன்றும் உடல் நடுங்குபவர்களும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். 5.1 ஒலியில் பேச்சு நடு ஸ்பீக்கரில் வருகிறது. ரிவியின் சிறிய ஸ்பீக்கரில் எல்லாம் கலந்து பேச்சு அமுங்கிப் போகும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவோம். அடுத்த காட்சியில் வெடி வெடிக்கும். நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள சவுண்ட்பார் இதற்குப் பெரிய உதவி. அப்பிள் ரிவியில் உரத்த சத்தங்களைக் குறைக்கும் தெரிவு உண்டு. பல சவுண்ட்பார்களில் 'நைட் மோட்' என்று இருக்கும்.

அம்மாவின் பெட்டியை மாற்றியபோது நான் முதலில் போட்டதும் அதைத்தான். 4கே வந்ததா என்று அவர் இன்னும் கேட்கவில்லை. நாடகத்தில் பேசுவது இப்போது விளங்குகிறது என்றார்.