வண்டலும் நீர்நிலையும்: எளாவூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நீர்நிலைகளில் படியும் மென்வண்டலைக் கழிவாகக் கொள்வதா, வளமாகக் கொள்வதா என்பது இன்றைய நீர்மேலாண்மையின் முதன்மை வினாக்களுள் ஒன்றாகும். தொண்டை மண்டலத்தின் ஏரிப் பராமரிப்பு வரலாற்றின் வழியே இவ்வினாவை அணுகும் இக்கட்டுரை, வண்டலின் பயன் அதனை எடுக்கும் உரிமையோடும் எடுக்கும் அளவோடும் பிணைந்தது என நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: வண்டல், தூர்வாருதல், குடிமராமத்து, சவுடு, எளாவூர், பழவேற்காடு.

முன்னுரை

எளாவூர், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது. கிழக்கே பழவேற்காடு ஏரியும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே ஆரணியாறும், அருகே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையும் உள்ளன. மழைநீரைத் தேக்கும் ஏரிகள், உவர்நீர்க் காயல், கப்பற்கால்வாய், தொழிற்சாலைகள் ஆகிய நான்கும் குறுகிய பரப்பில் கூடும் இவ்வட்டாரம், வண்டல் பற்றிய ஆய்வுக்கு ஏற்ற களமாகும்.

ஏரி வாரியம் முதல் குடிமராமத்து வரை

ஏரியில் படியும் மண்ணை ஆண்டுதோறும் அகற்றாவிடில் கொள்ளளவு குறையும் என்பதைத் தொண்டை மண்டல ஊர்ச்சபைகள் நன்கு உணர்ந்திருந்தன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஏரியில் ஓடம் இட்டு மண் அகற்றுவதற்கு அறக்கொடை அளிக்கப்பட்ட செய்தியும் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. தூர்வாருதல் அவ்வப்போது நிகழும் பணியாக அன்றி, நிலையான வருவாயும் பொறுப்பாளரும் உடைய ஊர்ப்பணியாக விளங்கியமை இவற்றால் புலனாகும்.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய செங்கற்பட்டுச் சீமை நில அளவைப் பதிவுகள், விளைச்சலில் ஒரு பங்கு நீர்நிலைப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டதைக் காட்டுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இவ்வொதுக்கீடுகள் அரசின் வருவாய்க் கணக்குக்குள் சென்றன. பராமரிப்புக்குரிய பொருள் ஊரைவிட்டு நீங்கியபின் உழைப்பு மட்டும் கடமையாக எஞ்சியது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்காற்றின்படி செய்யவேண்டிய குடிமராமத்துப் பணியைச் சட்டக் கட்டாயமாக்கியது. உரிமையின்றிக் கடமையை மட்டும் நிலைநாட்ட முயன்ற அச்சட்டத்தால் பழைய ஊர் ஒழுங்கை மீட்க இயலவில்லை. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் அளவைக்கும் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றின் சீரமைப்புக்கும் முதன்மை அளித்தது. ஏரிக்குள் படிந்த வண்டல் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

வண்டலும் சவுடும்

ஏரி வண்டலில் நுண்களிமண்ணும் மட்கிய உயிர்ப்பொருளும் மிகுதி. மணற்பாங்கான வயலில் அதனைப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும் திறன் கூடும். ஏரியின் கொள்ளளவும் வயலின் வளமும் ஒரே செயலால் பெருகுவதால், நீர்நிலையையும் நிலத்தையும் இணைக்கும் இயற்கைசார் தீர்வாக இவ்வழக்கத்தைக் கொள்ளலாம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 உழவருக்கும் மண்பாண்டத் தொழிலாளருக்கும் ஏரி மண் எடுக்க இடமளிக்கின்றன. 2017இல் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தமிழக அரசு தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் இம்மரபின் பெயரையே ஏற்றது.

எனினும் வண்டல் வேறு, சவுடு வேறு. வண்டல் மேற்படிவு, அதன்கீழ் நீர்க்கசிவைத் தடுக்கும் களிப்படுகை அமைந்திருக்கும் ஏரிகள் உண்டு. சாலைக்கும் மனைக்கும் நிரப்புமண் வேண்டி ஆழமாகத் தோண்டினால் அப்படுகை சிதையும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் பாசனத்துக்குத் தானே பாயாது. ஆகவே தோண்டிய மண்ணின் கனஅளவை மட்டும் கொண்டு தூர்வாருதலின் வெற்றியை அளத்தல் பொருந்தாது.

கால்வாயும் காயலும்

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய் பின்னர் வடக்கே பழவேற்காட்டைக் கடந்து நீண்டது. 1876–78 பஞ்ச காலத்தில் சென்னை நகர இணைப்பு வெட்டப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. கடலேற்ற வற்றத்துக்கு உட்பட்ட இக்கால்வாய் தொடர்ந்து தூர்வாரினாலன்றிப் படகுப் போக்குவரத்துக்கு உதவாது. 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டதால், அகழ்ந்த மண்ணை எங்கே இடுவது என்னும் வினா மீண்டும் எழுகிறது. பழவேற்காடு ஏரியின் சேற்றுப்பரப்பு பூநாரை முதலிய நீர்ப்பறவைகளின் இரைக்களம். அங்கு ஆழமற்ற சேறே வாழ்விடமாதலால், ஏரிக்குரிய தூர்வாரும் நெறி காயலுக்கு அப்படியே பொருந்தாது. அதே வேளையில் முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் கடல்நீர் வரத்துக் குன்றி மீனவர் தொழில் பாதிப்புறும். எதை அகற்றுவது, எதை விட்டுவைப்பது என்னும் தெரிவே இங்கு முதன்மையானது.

நெதர்லாந்து நாட்டின் மார்க்கர்மேர் ஏரி இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. 1976இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையால் பிரிக்கப்பட்ட அவ்வேரியில் நுண்சேறு தேங்கி நீர் கலங்கியது. 2016 முதல் அவ்வேரியின் மென்சேற்றையும் களிமண்ணையும் கொண்டே மார்க்கர் வாடன் என்னும் சதுப்புத் தீவுகள் அமைக்கப்பட்டன. அகற்றிய சேறு அங்கே பறவைக்கும் மீனுக்கும் வாழ்விடமாயிற்று.

அந்நெறியை எளாவூர் வட்டாரத்தில் பின்பற்றுமுன் ஒரு வரையறை தேவை. நுண்சேறு உலோக மாசுகளைத் தன்னிடம் ஈர்த்து வைக்கும் இயல்புடையது. தொழிற்சாலைகளின் வடிநீர் சேரும் நீர்நிலைகளின் வண்டலைச் சோதிக்காமல் வயலிலோ சதுப்பிலோ இட்டால் மாசு இடம் பெயருமேயன்றி நீங்காது. முன்னோர் அறியாத இவ்விடர், மரபை அப்படியே மீட்டல் போதாது என்பதை உணர்த்துகிறது.

முடிவுரை

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து உருவாக்கிய நீர்த்தேக்கம் 2020இல் சென்னைக் குடிநீருக்கென அர்ப்பணிக்கப்பட்டது. ஊர்ப்பாசன ஏரிகள் மாநகரின் நீர்த்தேக்கமாக மாறும் காலத்தில், அவற்றில் படியும் வண்டலுக்கு உரியவர் யார் என்பது புதிய வினாவாகிறது. மண்ணைச் சோதித்தல், மேற்படிவை மட்டும் எடுத்தல், எடுத்த வண்டலில் உழவருக்கு முன்னுரிமை அளித்தல், பராமரிப்புக்கு ஊர்மட்டத்தில் நிலையான நிதி ஒதுக்குதல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைய வேண்டும். இவற்றுள் இறுதியானதை இழந்தமையே 19ஆம் நூற்றாண்டில் ஏரி மராமத்தின் நலிவுக்கு முதற்காரணமாயிற்று என்பது இவ்வாய்வின் முடிபாகும்.