புற்றுநோயில் டி.என்.ஏ மெத்தைலேற்றம்

புற்றுநோயில் டி.என்.ஏ மெத்தைலேற்றம் என்பது, டி.என்.ஏ.வின் சில இடங்களில் மெத்தைல் தொகுதிகள் முறைகேடாக ஏறுவதால், உயிரணுவைக் காக்கும் மரபணுக்கள் செயலிழந்து போகும் நிகழ்வைக் குறிக்கும். இதில் மரபணுவின் எழுத்து வரிசை மாறுவதில்லை. மரபணு பிழையின்றி இருந்தும் உயிரணு அதனைப் படிப்பதில்லை. வரிசை மாறாமல் செயல்பாடு மட்டும் மாறி, அம்மாற்றம் உயிரணுப் பிரிவின்போதும் தொடரும் இத்தகைய நிகழ்வுகளை ஆராயும் துறை மேல்மரபியல் எனப்படுகிறது.

மெத்தைலேற்றம் நிகழும் முறை

டி.என்.ஏ.வின் நான்கு காரங்களுள் ஒன்றான சைட்டோசினின் ஐந்தாம் கார்பன் அணுவில், ஒரு கார்பனும் மூன்று ஐதரசனும் கொண்ட மெத்தைல் தொகுதி இணைவதே மெத்தைலேற்றம் ஆகும். பாலூட்டிகளில் இது பெரும்பாலும் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் நிகழ்கிறது. இவை சிபிஜி இடங்கள் எனப்படும். டி.என்.எம்.டி3ஏ, டி.என்.எம்.டி3பி ஆகிய நொதிகள் புதிதாக மெத்தைல் தொகுதியை ஏற்றுகின்றன. உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ இரட்டிக்கும்போது, பழைய இழையில் உள்ள குறிகளைப் பார்த்துப் புதிய இழையிலும் அவ்வாறே இடுவது டி.என்.எம்.டி1 என்னும் நொதியின் வேலை. ஆகவே ஒருமுறை ஏறிய குறி சேய் உயிரணுக்களுக்கும் செல்கிறது. தவறாக ஏறிய குறியும் இவ்வாறே படியெடுக்கப்படுகிறது.

மனித உயிரணுக்களில் சிபிஜி இடங்களுள் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு மெத்தைலேற்றம் பெற்றவை. எனினும் சிபிஜி இடங்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் சிறு பகுதிகள் பெரும்பாலும் குறியற்றவையாகவே இருக்கும். சிபிஜி தீவுகள் எனப்படும் இப்பகுதிகள், பாதிக்கும் மேற்பட்ட மரபணுக்களின் தொடக்கத்தில், படியெடுத்தலைத் தொடங்கி வைக்கும் ஊக்குவிப்பான் பகுதியில் அமைந்துள்ளன.

இத்தீவுகளில் மெத்தைல் குறிகள் அடர்ந்தால், படியெடுத்தலுக்குத் தேவையான சில புரதங்கள் அங்கே அமர இயலாது. அதே வேளையில், மெத்தைல் குறியை நாடிப் பற்றும் எம்.இ.சி.பி2 முதலிய புரதங்கள் வந்தமர்ந்து, ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கும் நொதிகளை அழைத்து வருகின்றன. இதனால் டி.என்.ஏ ஹிஸ்டோன்களின் மீது இறுகச் சுற்றிக்கொள்ள, மரபணு மூடப்படுகிறது.

புற்றுநோய் உயிரணுக்களில்

1983ஆம் ஆண்டில் ஆன்ட்ரூ ஃபைன்பெர்க், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகியோர் முதலில் கண்டது, புற்றுநோய் உயிரணுக்களில் சில மரபணுக்களின் மெத்தைலேற்றம் குறைந்திருப்பதையே ஆகும். பின்னர் எதிர்த்திசை மாற்றமும் தெரியவந்தது. டி.என்.ஏ முழுவதிலும் குறிகள் குறைந்திருக்க, குறியற்று இருக்க வேண்டிய தீவுகளில் மட்டும் அவை ஏறியிருந்தன. இவ்விரண்டும் ஒரே உயிரணுவில் காணப்படுவது முரணாகத் தோன்றினும் அதுவே வழக்கமான நிலை.

கட்டியடக்கி மரபணு ஒன்றின் இரு படிகளும் பழுதானால்தான் புற்றுநோய் தோன்றும் என்னும் கருத்தை ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் முன்வைத்தார். அப்பழுது திடீர்மாற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மெத்தைலேற்றமும் அதே விளைவைத் தரும். சிறுநீரகப் புற்றுநோயில் வி.எச்.எல், பலவகைப் புற்றுநோய்களில் பி16 ஆகிய மரபணுக்கள் இவ்வாறு ஒடுக்கப்படுவது 1990களில் அறியப்பட்டது.

எம்.எல்.எச்1: ஓர் எடுத்துக்காட்டு

டி.என்.ஏ இரட்டிக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்களுள் ஒன்றை எம்.எல்.எச்1 மரபணு உருவாக்குகிறது. அது ஒடுங்கினால் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களின் நீளம் நிலையற்றதாகிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் இந்நிலையின்மை காணப்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எம்.எல்.எச்1 ஊக்குவிப்பானின் மெத்தைலேற்றமே. இங்கே வரிசை மாறாத ஒரு நிகழ்வே, பிற மரபணுக்களில் எண்ணற்ற வரிசை மாற்றங்களுக்கு வழி திறந்துவிடுகிறது.

இதே புரதம் மற்றொரு வழியிலும் இல்லாமற் போகலாம். லிஞ்ச் நோய்த்தொகை உள்ள குடும்பங்களில், எம்.எல்.எச்1 அல்லது அதனையொத்த திருத்த மரபணு ஒன்றின் பழுதான படி பிறப்பிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. நுண்ணோக்கியில் இருவகைக் கட்டிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எனவே கட்டியில் எம்.எல்.எச்1 புரதம் இல்லை என்று தெரிந்தால், அதன் ஊக்குவிப்பானில் மெத்தைலேற்றம் உள்ளதா என்பதும், பிராஃப் மரபணுவில் குறிப்பிட்ட திடீர்மாற்றம் உள்ளதா என்பதும் ஆராயப்படுகின்றன. இருப்பின் நோய் பெரும்பாலும் பரம்பரையானது அன்று. இல்லையெனில் நோயாளியின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் சோதிக்கப்பட வேண்டியிருக்கும். ஒரு குடும்பமே ஆண்டுக்கணக்கில் குடல் அகநோக்கிச் சோதனைக்கு உட்பட வேண்டுமா என்பது இக்குறியைப் பொறுத்து அமைகிறது. எம்.எல்.எச்1இன் மெத்தைலேற்றம் உடலின் எல்லா உயிரணுக்களிலும் காணப்படுவதும் உண்டு. ஆனால் அது மிக அரிது.

நன்மையாக மாறும் ஒடுக்கம்

ஒடுக்கம் எப்போதும் நோயாளிக்குக் கேடு என்று கொள்ள இயலாது. எம்.ஜி.எம்.டி மரபணுவின் புரதம், டெமோசோலமைடு மருந்து டி.என்.ஏ.வில் ஏற்படுத்தும் சிதைவைச் சரிசெய்து புற்றுநோய் உயிரணுவைக் காப்பாற்றுகிறது. கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோயில் இம்மரபணு மெத்தைலேற்றம் பெற்றிருந்தவர்களின் இடைநிலை வாழ்நாள், கதிர்மருத்துவத்தால் மட்டும் 15.3 மாதங்களாகவும், இம்மருந்தும் சேர்ந்தபோது 21.7 மாதங்களாகவும் இருந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்துகள்

குறியை அகற்றினால் மரபணு மீண்டும் செயல்படும் என்பதே இவ்வகை மருத்துவத்தின் அடிப்படை. 1964இல் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாக்கப்பட்ட அசாசைட்டிடின், சைட்டோசினின் இடத்தில் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து மெத்தைல் ஏற்றும் நொதிகளைச் சிக்கவைக்கிறது. அது மெத்தைலேற்றத்தைத் தடுப்பதைப் பீட்டர் ஜோன்ஸ், ஷெர்லி டெய்லர் ஆகியோர் 1980இல் காட்டினர். எலும்பு மச்சைக் குறைபாட்டு நோய்த்தொகைக்கு அமெரிக்காவில் அசாசைட்டிடின் 2004இலும், டெசிட்டபின் 2006இலும் ஒப்புதல் பெற்றன. எனினும் இம்மருந்துகள் குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் தேர்ந்து திறப்பவை அல்ல. நிறுத்தியபின் குறிகள் மீண்டும் ஏறிவிடுவதும் உண்டு. திண்கட்டிகளில் இவற்றின் பயன் குறைவே.

காரணமா, விளைவா

புற்றுநோயில் மெத்தைலேற்றம் பெறும் மரபணுக்கள் அனைத்தும் நோய்க்குக் காரணமானவை எனக் கருதுவது பிழையாகும். அவற்றுள் பல, நலமான திசுவிலும் பாலிகோம்ப் புரதங்களால் முன்பே ஒடுக்கப்பட்டிருந்தவை என 2007இல் வெளியான ஆய்வுகள் சுட்டின. மறுபுறம், ஐ.டி.எச்1 மரபணுவின் திடீர்மாற்றம் 2-ஐதராக்சிகுளூட்டரேட்டு என்னும் பொருளைப் பெருக்கி, மெத்தைல் குறிகளை நீக்க உதவும் டெட் நொதிகளைத் தடுக்கிறது. இதனால் சிலவகை மூளைக்கட்டிகளில் மெத்தைலேற்றம் பரவலாக மிகுகிறது.