ஜூலை 31-க்கு முன்னும் பின்னும்

என் மகள் பிறந்தது 2021 ஜூலை 28. நாலு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அவள் இன்று வேறொரு வகுப்பில் இருப்பாள். நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கைக்கு வயதைக் கணக்கிடும் கோடு ஜூலை 31. அந்தத் தேதியில் மூன்று முடிந்திருந்தால் எல்கேஜி, ஐந்து முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. பள்ளியோ ஜூனிலேயே திறந்துவிடும். ஆக, ஜூலையில் பிறந்த பிள்ளை மூன்று முடியாமலே எல்கேஜிக்குள் நுழையும். அதே வகுப்பில் போன வருஷம் ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். நாற்பது வயதுக்காரனுக்கும் நாற்பத்தொரு வயதுக்காரனுக்கும் நடுவே ஒரு வருஷம் என்பது ஒன்றுமில்லை. மூன்று வயதில் அது வாழ்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

இங்கிலாந்தில் இந்தக் கோடு ஆகஸ்ட் 31. அங்கே கோடையில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு தனிக் கவலையே இருக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பிறந்த பிள்ளையை ஒரு வருஷம் தாமதமாகச் சேர்க்கப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். நம்மூரில் கோடை என்றால் சித்திரை, வைகாசி. சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதான் ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். கத்திரி வெயிலில் பிரசவம் என்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பது அந்தக் கணக்கு. அரசாங்கத்தின் கணக்கில் இடிபடுவதோ ஆடிப் பிள்ளைதான். என் மகள் ஆடி 12.

இதை அப்பாவிடம் சொன்னேன். "தேதியில என்னடா இருக்கு, வாத்தியார்கிட்டச் சொன்னா போட்டுக் குடுப்பாரு" என்றார். அவர் கதை அப்படி.

அப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று அப்பத்தா சொல்லும். வீட்டுக்குப் பின்னால் சுவர் விழுந்த ராத்திரியாம். பள்ளிச் சான்றிதழில் 5.6.1958. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் ஐந்து முடிந்திருக்க வேண்டும், ஐப்பசிப் பிள்ளைக்கு முடிந்திருக்காது. தலைமையாசிரியர் விரல்விட்டு எண்ணி, ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஜூனில் அப்பாவைப் பிறக்க வைத்துவிட்டார். அந்தத் தலைமுறையில் யாருடைய சான்றிதழைப் பார்த்தாலும் மே, ஜூன் என்றே இருப்பது இதனால்தான். ஒரு தலைமுறையே கோடையில் பிறந்திருக்கிறது, தாள்களில்.

அப்பா அரசு வேலையில் கடைநிலை ஊழியர். அந்த வேலைக்கு ஓய்வு வயது 60. 2018 ஜூன் கடைசியில் மாலை போட்டு அனுப்பினார்கள். நிஜப் பிறந்த மாதப்படி அக்டோபர் வரை இருந்திருக்கலாம். நாலு மாசச் சம்பளத்தை அந்த வாத்தியார் 1963-லேயே எடுத்துக்கொண்டார் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். வேலையில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பிறந்த தேதியைத் திருத்த விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் விழுந்த சுவரை எந்த அலுவலகம் அத்தாட்சியாக ஏற்கும்?

இது கடைநிலை ஊழியர்களின் பிரச்சினை மட்டுமல்ல. இந்திய ராணுவத் தளபதியாக இருந்த வி.கே.சிங் 1950 மே 10-இல் பிறந்தாரா, 1951 மே 10-இல் பிறந்தாரா என்பது 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளிச் சான்றிதழ் ஒன்று சொன்னது, தேர்வு விண்ணப்பம் இன்னொன்று சொன்னது. அவருக்கும் மே மாதம்தான் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

தேதியே தெரியாத பிள்ளைக்கு இன்னொரு பரீட்சை இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் சேர்க்கை, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. இதை வேடிக்கையாகவே எழுதிவருகிறோம். எனக்கு அதில் ஒரு நியாயமும் தெரிகிறது. சின்னக் குழந்தைக்கு உடம்பை ஒப்பிடத் தலை பெரிது, கை குட்டை. ஐந்து, ஆறு வயதில் கை நீள்கிறது. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்த பரீட்சை அது. ஜூலை 31 பிள்ளையைப் பார்ப்பதில்லை.

அதற்கும் முன்னால், திண்ணைப் பள்ளியில் இந்தச் சிக்கலே கிடையாது. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊரூராகப் பள்ளிக் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பிள்ளைகள் ஐந்து வயதில் பள்ளிக்கு வந்ததாக பெல்லாரி கலெக்டர் கேம்பெல் எழுதினார். ஐந்து என்பது புதிதல்ல. ஆனால் அது வாசலில் கேட்கிற வயசு, உள்ளே போனபிறகு யாரும் கேட்பதில்லை. மணலில் எழுதுகிறவன் மணலில் எழுதுவான், ஓலைக்குப் போனவன் ஓலையில் எழுதுவான். மூத்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல், எழும்பூர் ராணுவ அநாதை விடுதியில் அதைச் செய்துபார்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பிற்பாடு அங்கிருந்தும் இங்கிருந்தும் அது ஒழிந்து, ஒரு வயசுக்கு ஒரு வகுப்பு என்ற ஏற்பாடு வந்தது. பின்தங்குவது என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வந்தது. வரிசை இருந்தால்தானே பின்னால் நிற்க முடியும்.

திண்ணையைப் புகழ்ந்து முடித்துவிட எனக்கு மனசில்லை. அந்தத் திண்ணையில் என் மகள் உட்கார்ந்திருக்க முடியாது. பெண் பிள்ளைகள் அங்கே அபூர்வம். பல சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவே கிடையாது.

எங்கள் புதுக்கோட்டையில் 1886-இல் ஒரு பெண் பிறந்தாள். தேதி ஜூலை 30. இன்றைய கோட்டுக்கு ஒரு நாள் முன்னால், வகுப்பிலேயே கடைக்குட்டியாக இருக்க வேண்டியவள். முத்துலட்சுமி ரெட்டி. அவர் காலத்தில் யாரும் அவருடைய பிறந்த மாதத்தைக் கேட்கவில்லை. பெண் என்பதைத்தான் கேட்டார்கள். பருவமடைந்ததும் பள்ளி நின்றது. வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது பையன்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளியே வந்தார். ஜூலைப் பிள்ளைகளும் ஜெயிப்பார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாசலில் நிற்கிற கேள்வி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வாசலுக்கு வருகிறேன். திருவரங்குளம், புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில், தைலமரக் காடுகளைத் தாண்டி இருக்கிறது. அரங்குளநாதர் கோயிலைச் சுற்றிய ஊர், ஒன்றியத்தின் தலைமையிடம். காலை எட்டு மணிக்குச் சாலையில் நின்றால் மஞ்சள் வேன்களை எண்ணிக்கொண்டே இருக்கலாம். இதே மாவட்டத்தில்தான் 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இந்த வேன்களில் போகிறார்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை கட்டணம் இல்லை. 2024-இல் எல்கேஜிக்குத் தகுதி: 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31-க்குள் பிறந்திருக்க வேண்டும். மகள் மூன்று நாள் வித்தியாசத்தில் உள்ளே. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் எடுத்து விண்ணப்பித்தோம். குலுக்கலில் பெயர் வந்தது.

அன்று ராத்திரி வீட்டில் சண்டை.

"ரெண்டே முக்கால் வயசு. டாய்லெட் வருதுன்னு சொல்லத் தெரியல. ஒரு வருஷம் அங்கன்வாடியிலேயே இருக்கட்டுங்க" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. இங்கிலாந்தில் ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகள் செப்டம்பர்ப் பிள்ளைகளைவிடச் சராசரியாகக் குறைந்த மதிப்பெண் வாங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் செப்டம்பர் 1 கோடாக உள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு நோய் என்று முத்திரை குத்துவது 34 சதவீதம் அதிகம் என்று 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. நோயில்லை, சின்னப் பிள்ளை, அவ்வளவுதான். நானே இதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

ஆனால் ஒரு வருஷம் பொறுத்தால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு எல்கேஜிக்குத் தகுதி 2021 ஆகஸ்ட் 1-இலிருந்து தொடங்கும். மகள் நாலு நாள் மூத்தவளாகி வெளியே நிற்பாள். இலவச இடம் போய்விடும். கட்டணம் கட்டிச் சேர்க்கலாம், காசு இருந்தால். பிள்ளை வளரும்வரை காத்திருப்பது என்பது காசுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பொறுத்திருந்தவர்களுக்கும் அடுத்த ஆண்டு வேறு சோதனை வந்தது. ஒன்றிய அரசின் நிதி வராததால் 2025-இல் இந்த ஒதுக்கீட்டுச் சேர்க்கை மே மாதம் தொடங்கவே இல்லை. அக்டோபரில்தான் நடந்தது.

ஊர்த் தொடக்கப்பள்ளி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காலை உணவும் போடுகிறார்கள். ஐந்து முடிந்தபின் அங்கேயே சேர்த்திருக்கலாம், நிதானமாக. இங்கிலீஷ் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பயந்துதான் சேர்க்கவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சேர்த்தோம். முதல் மூன்று மாதம் மத்தியானம் ஆனால் டெஸ்கில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். முதல் அறிக்கை அட்டையில், வேகம் போதாது என்று எழுதியிருந்தது. பெற்றோர் கூட்டத்தில் மனைவி ஆசிரியையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இவ பக்கத்துல உக்கார்ற பையன் என்னைக்குப் பொறந்தான் டீச்சர்?"

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். 2020 ஆகஸ்ட் 9. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "யாரும் இப்படிப் பாக்கச் சொன்னதில்லம்மா" என்றார். அடுத்த அட்டையில் அந்த வரி இல்லை. மத்தியானம் தூங்கினால் எழுப்புவதுமில்லை.

அப்பாவுக்கு இந்த அட்டைகளில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. வாரம் ஒருமுறை பேத்தியைத் திண்ணையில் நிற்கவைத்துக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொல்கிறார். இன்னும் ஒரு விரற்கடை குறைகிறது.