வரத்து வாய்க்கால் கரை

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்திலே எங்க சேரி. சேரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வரத்து வாய்க்கால். மேட்டுக்காட்டு மழைத்தண்ணியை ஏரிக்குக் கொண்டுபோன வாய்க்கால் அது. மேற்கே கல்வராயன் மலையடியில் 1965-ல் கோமுகி அணை வந்தது. அந்தத் தண்ணி எங்க ஏரிக்கு எட்டாது. எங்களுக்கு மழை வரத்துதான். ஆளாளுக்குப் போர் போட்ட பிறகு ஏரிப்பாசனம் படுத்துவிட்டது. வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கரை மட்டும் தடமாக நிற்கிறது. நடக்கலாம், சைக்கிளும் விடலாம். நான் பள்ளிக்கூடம் போனது அந்தக் கரைமேல்தான்.

ஊர்த்தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் தெருமுனையிலேயே சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளணும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கணும். எங்க அப்பா வாலிபத்தில் ஒருநாள் வாடகை சைக்கிளில் இறங்காமலே போய்விட்டார். அன்று சாயங்காலம் தாத்தாவைக் கூப்பிட்டு விட்டார்கள். கைகட்டி நின்றுவிட்டு வந்தவர் அப்பாவைத் திட்டவில்லை. "நீ கரைமேலயே போடா. அங்க எவனும் உன்ன எறங்கச் சொல்லமாட்டான். அது நாம மிதிச்ச கரை" என்றார்.

தாத்தா நீர்க்கட்டி. வானம் இருட்டினால் மண்வெட்டியும் தலையில் சாக்குமாகக் கிளம்பிவிடுவார். கரையில் நண்டு வளை, எலி வளை பார்த்து அடைக்கணும். உடைப்பு எடுத்தால் தழையும் களிமண்ணும் போட்டு மிதிக்கணும். மடை திறந்து வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணி கட்டணும். கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போடுகிற நெல்லும் ஒரு கட்டுக் கதிரும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது தலித்துகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. எல்லார் வயலுக்கும் தண்ணி விட்ட கை, ஊர்க் குளத்தைத் தொட்டால் தீட்டு.

இது எங்க ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வரி விதிக்காமல் ஒதுக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது குளம், ஊரை ஊடறுத்துப் போகிற வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று ஒன்றாக அடுக்குகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வாய்க்காலும் சேரியும் ஒரே பட்டியலில்தான். ஊராட்சிக்கு முன்மாதிரி என்று புகழப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் உண்டு. அதில் உட்கார நிலமும் வேதப்படிப்பும் தகுதி. மண் சுமக்க ஒரு தகுதியும் வேண்டியதில்லை.

வெள்ளைக்காரனும் இதைக் கலைக்கவில்லை. 1858-ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், உழைக்கும் வர்க்கத்து ஆண்களைக் கூப்பிடலாம், வராதவனைத் தண்டிக்கலாம்.  கரையைக் காப்பாற்ற நம்மைக் கட்டாயப்படுத்திய சட்டம் வந்து 66 வருஷம் கழித்துத்தான், பொதுச் சாலையிலும் குளத்திலும் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்ற தீர்மானம் வந்தது. 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அதைக் கொண்டுவந்தார். 1927-ல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்தார். தெருவும் தண்ணியும் ஒரே போராட்டம்தான் என்பது எங்க அப்பாவின் சைக்கிளுக்கும் தெரியும்.

நியூயார்க் நகரத்துக்குத் தண்ணி கொண்டுபோக 1842-ல் திறந்த குரோட்டன் கால்வாய் இன்று ஓய்ந்துவிட்டது. அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கால்வாய் போன தடத்தை 1968-ல் பூங்காவாக அறிவித்தார்கள். 26 மைல் தூரம் ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். ஓய்ந்த கால்வாயை அங்கே வரலாறு என்று வைத்திருக்கிறார்கள். இங்கே அது புறம்போக்கு. வருஷாவருஷம் ஏர் ஓட்டும்போது ரெண்டு சால் கரையையும் சேர்த்து உழுதுவிடுகிறார்கள். எங்க அப்பா சைக்கிள் விட்ட இடத்தில் இப்போது ஒத்தையாள்தான் நடக்கமுடிகிறது. நூறு நாள் வேலை வந்தபோது இதே வாய்க்காலைத் தூர்வாரப் போனதும் எங்க சேரிப் பெண்கள்தான்.

2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பின்னால் என் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. அவள் ஊர்த்தெரு வழியாகவே போனாள். இறங்கவில்லை. "கரைமேல ஏம்ப்பா போனீங்க?" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கரைக்குக் கூட்டிப்போய்த் தாத்தா அடைத்த உடைப்பைக் காட்டினேன்.

நாளைக்கு யாராவது இந்தக் கரையை அளந்து, கல் நட்டு, நடைபாதை போடலாம். போடட்டும். மரம், பறவை பேரோடு பலகையும் வைக்கட்டும். அதே பலகையில் இந்தக் கரையை மிதித்தவர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவில் நடக்கமுடியாமல் இதன்மேல் நடந்தார்கள் என்பதையும் எழுதணும். அதுவரைக்கும் கரையை உழாமல் விடணும். அது எங்க தாத்தாவுக்குப் பட்டா இல்லாத சொத்து.