தேய்ந்த ஓட்டையின் சரித்திரம்

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை விடாமல் தொந்தரவு செய்யும் ஒரு சின்ன விஷயம் உண்டு: எஞ்சின் மூடியின் ஸ்க்ரூ ஓட்டைகள். கௌலிங் எனப்படும் அந்த ஃபைபர்கிளாஸ் மூடியில் வட்டமாக இருந்த ஓட்டை, சில வருடங்களில் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும். நான் சாஃப்ட்வேர்க்காரன். எங்கள் தொழிலில் ஒன்றை ஆயிரம் முறை திறந்து பார்த்தாலும் அது தேயாது. அதனால்தானோ என்னவோ, இந்த ஓட்டை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆரம்பகால விமானங்கள் பலவற்றில் எஞ்சின் திறந்தே கிடந்தது. காற்று பட்டால்தானே சூடு தணியும்! ஆனால் அதே காற்றுதான் விமானத்தைப் பின்னுக்கும் இழுத்தது. 1928இல் வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஃப்ரெட் வீக்கும் அவரது குழுவினரும் இதற்கு விடை கண்டார்கள். சரியான வளைவில் ஒரு மூடி போட்டு, காற்றைச் சிலிண்டர்களைச் சுற்றி வழிநடத்தினால் எஞ்சினும் குளிரும், இழுவையும் குறையும். கர்ட்டிஸ் விமானம் ஒன்றில் சோதித்தபோது வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக ஏறியது. எஞ்சின் அதேதான், மாறியது மூடி மட்டும். அந்த வேலைக்கு 1929ஆம் ஆண்டின் காலியர் கோப்பை கிடைத்தது.

வேகம் கிடைத்தது சரி, எஞ்சின் கண்ணிலிருந்து மறைந்துபோனதே? எண்ணெய்க் கசிவையும் வெடித்த புகைக்குழாயையும் பார்க்க மூடியைக் கழற்றியாக வேண்டும். 1930களில் இதற்கு வழி செய்தவர், இன்றைய உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் ஸூஸ். அவருடைய பூட்டாணியைக் கால் திருப்பு திருப்பினால் அதன் சுருள் வெட்டு ஒரு கம்பியைக் கவ்விக்கொள்ளும். எதிர்ப்பக்கம் கால் திருப்பு, திறந்துவிடும். காற்று மூடச் சொல்கிறது, மெக்கானிக் திறக்கச் சொல்கிறார். அந்தப் பஞ்சாயத்தில் பிறந்த சமரசம் இது.

1953இல் விஸ்கான்சினில் பால் போபெரெஸ்னி தொடங்கிய சங்கம், விமானம் கட்டும் ஆசையை நடுத்தர வர்க்கத்து கராஜ்களுக்குக் கொண்டுபோனது. 1970களில் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வனின் ஆர்வி விமானங்கள் வந்தன. உடம்பு அலுமினியம், மூக்கு மட்டும் ஃபைபர்கிளாஸ். காரணம் எளிது. இரண்டு திசையிலும் வளையும் வடிவத்தைத் தகட்டில் தட்டி எடுக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். கண்ணாடித் துணியையும் பிசினையும் அச்சில் போட்டால் அதே வளைவு தானாக வந்துவிடும்.

ஆனால் கண்ணாடி இழையின் பலம் அதன் நீளவாக்கில்தான். ஓட்டை போட்ட இடத்தில் இழை அறுந்துவிடுகிறது. அங்கே ஸ்க்ரூவைத் தாங்குவது இழை நுனிகளும் பிசினும்தான். எஞ்சின் அதிர அதிர, ஸ்க்ரூவின் மரை அரம் மாதிரி அந்த விளிம்பை ராவுகிறது. கொஞ்சம் இடம் கிடைத்தால் இன்னும் ஆடும், ஆடினால் இன்னும் தேயும். அப்படியே விட்டால் பறக்கும்போதே மூடி பிய்த்துக்கொள்ளலாம்.

அவசரக்காரர்கள் ஓட்டையில் வெறும் பிசின் கலவையை அடைப்பார்கள். அதில் இழையே கிடையாது, சீக்கிரம் உதிர்ந்துவிடும். முறையான வேலைக்குப் பொறுமை வேண்டும். முதலில் ஊறிய எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு உட்பக்கம் ஓட்டையைச் சுற்றித் தட்டு மாதிரி சரிவாகத் தேய்த்து, சிறிதும் பெரிதுமாக வெட்டிய வட்டத் துணிகளை எபாக்ஸியில் நனைத்து அடுக்க வேண்டும். பழைய மூடி பாலியெஸ்டர் பிசினில் வார்த்ததாக இருந்தாலும் எபாக்ஸி அதில் ஒட்டும். எபாக்ஸி மூடியில் பாலியெஸ்டர் அப்படிப் பிடிக்காது. நன்றாக இறுகிய பிறகு மூடியை அதன் இடத்தில் பொருத்தி, பின்னாலிருக்கும் உலோக விளிம்பின் ஓட்டைக்கு நேராகப் புதிதாகத் துளைக்க வேண்டும். ஸ்க்ரூ தலைக்கு அடியில் ஒரு உலோக வாஷர் வைத்தால், அடுத்த முறை அடி வாங்குவது வாஷராக இருக்கும்.

இவ்வளவு எதற்கு, நிரந்தரமாக ஒட்டிவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. பல விமானங்களில் எண்ணெய் அளவு பார்க்க மூடியிலேயே ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. அதன் வழியே புகைக்குழாயின் விரிசல் தெரியாது. அந்த விரிசல் கார்பன் மோனாக்சைடை விமானி அறைக்குள் கொண்டுவரும், நெருப்பும் பிடிக்கலாம்.

அமெரிக்கச் சட்டப்படி இந்த விமானங்களுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை உண்டு. பெரும்பகுதியைத் தன் கையால் கட்டியவர் விண்ணப்பித்து, அதைத் தானே செய்யும் சான்றிதழைப் பெறலாம். விமானத்தை விற்றால் அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. கட்டியவருக்கு எந்த ஓட்டை எதற்கு என்று தெரியும், அந்த அறிவை விற்க முடியாது என்பதே இதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தேயாத ஓட்டை வேண்டுமென்றால் மூடியைத் திறக்காமலும் எஞ்சினை ஓட்டாமலும் இருக்க வேண்டும். பறக்கிற விமானத்தில் ஓட்டை தேயத்தான் செய்யும். அதை அடைத்துத் திரும்பத் துளைப்பது, அடுத்த முறையும் திறந்து பார்ப்பதற்காகத்தான்.