ஆவியை அறியும் தாமிரம்

காற்றில் கண்ணுக்குப் புலப்படாமல் கலந்து நிற்கும் ஆவியைத் தாமிரத்தின் துணையால் ஒளியாகக் காணும் வித்தை, இக்காலத்து ரசாயன சாலைகளில் புதிதெனப் பேசப்பட்டாலும், 1872-ஆம் ஆண்டிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ரசாயனப் பேராசிரியர் பைல்ஸ்டைன் அடிகோலியதாகும். குளோரின் முதலியன அடங்கிய பதார்த்தம் தோய்ந்த செப்புக் கம்பியைச் சுடரில் காட்டினால் சுடர் பச்சையாகும் என்று அவர் கண்டதை, பின்னாளில் குளிர்சாதனம் பழுதுபார்ப்போர் தம் தொழிற்கருவியாகவே ஆக்கிக்கொண்டனர். விளக்கோடு இணைந்த ரப்பர்க் குழாயின் வாயை மூட்டு மூட்டாக நகர்த்திக்கொண்டே போகையில், குளோரின் அடங்கிய வாயு கசிந்து சிறிதளவு உள்ளே இழுபட்டாலும், பழுக்கக் காய்ந்த செப்புத் தகட்டைத் தழுவி எரியும் சுடர் பச்சை பாய்ந்து, ஓட்டை இருக்குமிடத்தைக் காட்டிவிடும். ஆனால் தீப்பற்றும் ஆவி சூழ்ந்த இடத்திற்கு இந்த விளக்கை எடுத்துச்செல்ல எவர் துணிவார்?

நெருப்பின்றி ஒளிரும் தாமிரச் சேர்மங்கள் அந்தக் குறையைத் தீர்க்க வந்தவையல்ல. அவை வெறும் அதிசயமாகவே முதலில் அறியப்பட்டன. செப்பு அயோடைடும் பிரிடீனும் கூடிய பொடி, புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளாக ஒளிர்வதையும், திரவ நைட்ரஜனில் அமிழ்த்தியதும் அவ்வொளி நீலமாவதையும், ஜெர்மனியின் சார்புருக்கனில் ஹார்ட் என்பார் 1973-இல் விவரித்தார். நான்கு செப்பணுக்களும் நான்கு அயோடின் அணுக்களும் கனசதுரத்தின் மூலைகளில் மாறி மாறி அமர்ந்த அதன் சொரூபம் 1976-இல் துலங்கிற்று. அந்த அணுக்கூட்டத்தினுள்ளிருந்தே மஞ்சள் ஒளி பிறக்கிறது என்பதைக் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா சர்வகலாசாலையில் பீட்டர் ஃபோர்டும் அவருடைய மாணாக்கரும் பொறுமையோடு அளந்து நிலைநாட்டினர். அதிசயத்தைக் கண்டவருக்குள்ள கீர்த்தி, காரணத்தைத் தேடியவருக்கும் குறைவின்றி உரியது என்பது என் துணிபு.

ஏனெனில், 2000-இல் ஃபோர்டும் இத்தாலிய அம்மையார் காரியாட்டி முதலியோரும் வெளியிட்ட செய்தி அந்தக் காரணத்தின்மீதே நிற்கிறது. மெதில் பிரிடீன் சேர்ந்த செப்பு அயோடைடு, முடிவின்றி நீளும் சங்கிலியாக இருக்கையில் நீலமாக ஒளிர்கிறது. டொலுயீன் ஆவி பட்டதும், திடநிலை மாறாமலே, சங்கிலி கலைந்து நான்கு நான்கு செப்பணுக்கள் கொண்ட கூட்டங்களாகி, மஞ்சளாக ஒளிர்கிறது. பென்டேன் ஆவியைக் காட்டினாலோ, பழைய நீலமே திரும்புகிறது. பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றின் சேர்மங்களிலும் ஆவிக்கு நிறம் மாறும் இக்குணம் உண்டு; ஆயினும், டொலுயீன் கலந்த தின்னரின் நெடியிலேயே நாள் முழுதும் நின்று வர்ணம் அடிக்கும் தொழிலாளியின் பட்டறைச் சுவரில் மாட்டிவைக்கத்தக்க விலையில் கிடைப்பது தாமிரமே.